முழங்காலுக்கு மேல் ஏறாத சேறு

அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லும்படி ஜிஜியிடம் கேட்காதவர்கள் இல்லை. முதலாளி கேட்டார். அவருடைய வக்கீல் கேட்டார். அமெரிக்காவிலிருந்து மகன் போனில் கேட்டான். சொல்லிச் சொல்லி, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்போல் அது அவளுக்கு வரிசை மாறாமல் நின்றுவிட்டது.

ஓணம் கழிந்த வாரத்தில் ஒரு காலை. திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த சுற்றுலா அலுவலகத்துக்கு நாகேஸ்வரனும் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியும் வந்தார்கள். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. அவர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சாய் ஃபுளோரிடாவில் இருக்கிறான். பெற்றோரை அங்கே அழைத்து, கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் கப்பல் ஒன்றில் ஏற்றிவிடப் போகிறான். கப்பல் நிற்கிற தீவுகளில் இறங்கி அருவி, காடு, ஆமை முட்டையிடும் கடற்கரை எல்லாம் பார்க்க இந்த அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டால், தயிர்சாதத்துக்கும் அவர்களே வழி பண்ணுவார்கள் என்று யாரோ சொல்லி வந்திருந்தார்கள்.

தீவுகளைப் பற்றிப் பேசுகிற நாற்காலி, கப்பல் வேலை முடித்து வந்த யோசுவாவுடையது. பக்கத்து மேசையில் ஜிஜி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஜெயலக்ஷ்மி முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அது முடிந்ததும் நாகேஸ்வரன், கிரனடா தீவில் ஜாதிக்காய்த் தோட்டம் உண்டாமே, நம்மூர் ஜாதிதானா என்று கேட்டார். யோசுவா கையை விரித்து, பழம் வெடித்து நிற்பதையும், உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல் ஜாதிபத்திரி படர்ந்திருப்பதையும், அதன் கறை துணியில் பட்டால் எத்தனை கழுவினாலும் போகாது என்பதையும் சொன்னார். நாகேஸ்வரன் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அவருக்கு அடங்கவில்லை.

பிறகு ஜெயலக்ஷ்மி கேட்டாள். “அந்த அருவிக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?”

“தூரம் ஒண்ணும் இல்ல மாமி. இஞ்ச இருந்து ஸ்ரீகண்டேஸ்வரம் வரை போறது மாதிரி.”

“இவருக்கு முழங்கால் முட்டு ரெண்டும் தகராறு. வழுக்குமோ?”

“மழை நாடல்லே, சேறு உண்டு. கால் நனையும். ஆனா முட்டுக்கு மேல சேறு ஏறி நான் கண்டதே இல்ல. கொச்சுப் பிள்ளையளு எல்லாம் போயிட்டு வருது. வயசான வெள்ளக்காரியளும் போயிட்டுத்தான் வராங்க.”

“நீங்க போயிருக்கேளா?”

யோசுவா வாயைத் திறப்பதற்குள் நாகேஸ்வரன் முந்திக்கொண்டார். “கப்பல்லயே இருந்த மனுஷர் போகாமலா இருப்பார்? நீ சும்மா இரு ஜெயா.”

யோசுவா சிரித்தார்.

அவ்வளவுதான் பேச்சு. ‘போயிருக்கிறேன்’ என்று அவர் வாயால் சொன்னாரா என்று கேட்டவர்களுக்கெல்லாம், சிரித்தார் என்றுதான் ஜிஜி சொன்னாள். அதற்குமேல் அவளாக ஒரு சொல் சேர்க்கவில்லை.

யோசுவாவின் வீடு பாறசாலைக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய மேட்டில். தகப்பனுக்குக் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும் சில ரப்பர் மரங்களும் இருந்தன. பத்தாவதோடு படிப்பு நின்றது. கூட்டாளிகள் வளைகுடாவுக்குப் போனபோது அவர் மட்டும் ஒரு ஏஜென்டைப் பிடித்துப் பம்பாய்க்குப் போய்க் கப்பலேறினார். வளைகுடாக்காரர்களைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்கிற நோய் அவருக்கு அப்போதே உண்டு. கடைசிவரை அது தீரவில்லை. “மணலப் பாத்துட்டு வந்தவனும் கடலப் பாத்துட்டு வந்தவனும் ஒண்ணா லேய்?” என்று காலை ரயிலில் யாரையாவது சீண்டுவார். துபாயில் பாதி ஆயுளைத் தொலைத்த யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கப்பலில் அவருக்குக் கிடைத்தது சலவைக்கூடம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத அறை. பயணிகளின் படுக்கை விரிப்பும் துவாலையும் மலைபோல் வந்து விழும். மெஷினில் இருந்து எடுத்து, காயவைத்து, மடித்து மேலே அனுப்புவதற்குள் அடுத்த மலை வரும். கப்பல் தீவில் நிற்கிற நாட்களில்தான் வேலை அதிகம். எப்போதாவது ஒரு மணி நேரம் ஒழிந்தால் துறைமுக மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்று மனைவி சரசம்மாவுக்குப் போன் செய்வார். அந்த மதிலைத் தாண்டி வெளியே அவர் கால் வைத்ததில்லை. தீவுகள் அவருக்குத் துறைமுகத்துச் சிமென்ட் தரையும், அதற்கு அப்பால் மேகம் மூடிய பச்சை மலையும்தான்.

ஆனால் தீவுகள் அவரிடம் வந்தன. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய பயணிகள் அழுக்குத் துணியைப் பையில் போட்டு வாசலில் வைப்பார்கள். பொழுது சாயும்போது அவை கீழே வந்து சேரும். கந்தகச் சேற்றில் குளித்துவிட்டு வந்தவர்களின் உடுப்பு எத்தனை துவைத்தாலும் நாறும். அது செயின்ட் லூசியா. கறுப்பு மணல் ஒரு தீவு, மாவுபோல் வெள்ளை மணல் இன்னொன்று. பையைத் தட்டினால் கூழாங்கல் விழும், இலை விழும், சிவந்த ஜாதிபத்திரித் துணுக்கு விழும், அருவியின் படம் போட்ட நனைந்த நோட்டீஸ் விழும். அந்த நோட்டீஸை இஸ்திரிப் பெட்டியில் காயவைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். கால்சட்டையில் சேறு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வழி எப்படிப்பட்டது என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். குழந்தைகளின் காலுறையில் சேறு இருந்தால் குழந்தைகள் நடக்கிற வழி. கிழவிகளின் பாவாடையில் முழங்காலுக்குக் கீழேதான் சேறு என்றால் யாரும் விழாத வழி. இப்படியே வருஷக்கணக்கில் ஒவ்வொரு தீவையும் துணியிலிருந்து கட்டி எழுப்பிவிட்டார்.

ஊரில் என்ன வேலை என்று கேட்டார்கள். முதல் விடுமுறையிலேயே ‘டூர் செக்ஷன்’ என்று சொல்லிவிட்டார். வேறு வழியும் இருக்கவில்லை. அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் சாதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் எந்த வீட்டார் எந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊரான் உடுத்த துணியை வெளுக்கிறவன் என்று ஒரு பேச்சு விழுந்தால், அது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தாண்டிப் போகும். அதனால் வீட்டில் அவர் தன் கைக்குட்டையைக்கூடக் கழுவியதில்லை. சரசம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மகள் ஷாலுவின் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயருக்குக் கீழே ‘கப்பல் சுற்றுலா அதிகாரி (ஓய்வு)’ என்று அச்சடித்திருந்தது. களியக்காவிளையில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள் என்று ஊரில் பேச்சு.

ஜிஜிக்கும் அதே ஊர், அதே சபை. பள்ளிக்கூடம் மலையாளம், வீடும் ஜெபமும் தமிழ். பேசிப் பழகாத பெண். பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்து, மேம்பாலம் கடந்து பழவங்காடிக்கு நடப்பாள். அந்த அலுவலகத்தில் அவள் சேர்ந்து கொஞ்ச நாள் ஆன பிறகுதான் யோசுவா வேலை கேட்டு வந்தார். கப்பல் வேலை முடிந்து, கையில் இருந்ததெல்லாம் ஷாலுவின் கல்யாணத்தோடு போயிருந்த நேரம்.

முதலாளி குற்றாலலிங்கம். ஆரியசாலையில் அவர் தகப்பன் காலத்து மிளகாய் வற்றல் மொத்தக்கடை இன்னும் நடக்கிறது. மிளகாயைவிடப் பயணத்தில் லாபம் என்று அண்ணன் தம்பிகளிடம் சண்டை போட்டுத் தனியாக வந்தவர். கப்பலில் என்ன வேலை என்று அவர் கேட்டபோது யோசுவா நிமிர்ந்து ஜிஜியைப் பார்த்தார். அவள் தன் ஊர்த் தேவதாஸின் மகள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை தேவைப்பட்டது. “லாண்டிரி” என்றார். கரையில் இறங்கியதில்லை என்பதையும் சொன்னார்.

குற்றாலலிங்கம் சிரித்தார். “அதை நீரும் சொல்லாண்டாம், நானும் கேக்கல. அந்தத் தீவுல என்னெல்லாம் இருக்குன்னு சொல்லும், பாப்பம்.”

யோசுவா சொன்னார். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கீழே கோயிலில் யாரோ தேங்காய் தேங்காயாக எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கும் மேலே யோசுவாவின் குரல் ஏறிக்கொண்டே போனது.

அன்று மாலை ரயிலில் அவர் வேறு பெட்டியில் ஏறினார். பல நாள் அப்படித்தான். ஜிஜி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரிந்த பிறகே அவள் இருந்த பெட்டிக்கு வந்தார். வந்ததும் சன்னலோரத்து இடத்திலிருந்து அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அவளிடம் அவருக்குக் கொஞ்சமும் நன்றி இருந்ததாகத் தெரியவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் பாதியில் வெட்டுவார். “ஒனக்கு என்ன தெரியும்? பாறசாலைக்கும் தம்பானூருக்கும் இடையில இருக்க ஆளு” என்பார். எதிரில் இருப்பவர்களின் வேட்டிக் கரையையும் செருப்பையும் பார்த்து, இவர் நேமத்தில் வேலி ஓரமாக நடந்தார், இவர் பாலராமபுரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார் என்று மெதுவாகச் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்போது மட்டும் அவருடைய முகம் நன்றாயிருக்கும் என்று ஜிஜிக்குத் தோன்றும்.

வியாபாரம் ஏறியது. மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்கள்தான் வாடிக்கையாளர்கள். கண்ணாடி போட்ட பையன்கள் படத்தைக் காட்டி விளக்கினால் நம்பாதவர்கள், யோசுவா வாய் திறந்தால் நம்பினார்கள். அவர் பொய் என்று ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த மண் ஒட்டும், அந்த மணல் ஒட்டாது, அந்த நாற்றம் போகாது என்பார். அங்கே நடந்தவன்தான் இப்படிப் பேச முடியும் என்று கேட்பவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவர் சிரிப்பார்.

டிசம்பரில், கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், சாய் போனில் வந்தான். ஜிஜிதான் எடுத்தாள். கிரனடாவில் அருவிக்கு இறங்குகிற பாதையில், சேற்றில் மரக்கட்டை பதித்துச் செய்த செங்குத்தான படிகளில் நாகேஸ்வரன் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. மழையில் அப்படியே வெகுநேரம் கிடந்தார். ஆட்கள் பலகை கொண்டுவந்து தூக்கிப் போவதற்குள் கப்பல் புறப்படும் நேரமாகிவிட்டது. அவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தெரியாத தீவின் ஆஸ்பத்திரியில், மாற்று உடுப்புகூட இல்லாமல், சேறு அப்பிய புடவையோடு ஜெயலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். மகன் போய்ச் சேரும்வரை அப்படியேதான் இருந்தாள்.

ஃபுளோரிடாவில் அறுவை சிகிச்சை நடந்தது. மாதங்கள் கழித்துத் திருவனந்தபுரம் திரும்பியபோது நாகேஸ்வரன் சக்கர நாற்காலியில் இருந்தார். இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெயலக்ஷ்மி வக்கீல் வைத்தாள். பணத்துக்கு அல்ல என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டதாகக் கேள்வி. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த மனிதர் அந்த வழியை அறிந்தே தன் கணவரை அனுப்பினாரா, இல்லை ஒன்றும் தெரியாமல் உளறினாரா? அறியாமல் உளறினார் என்றால் அவரை அந்த நாற்காலியில் உட்கார்த்தியது யார் என்பதையும் அவள் கேட்பாள். அது கோர்ட்டில் கேட்கப்படும். அறிந்தே அனுப்பினார் என்றால் பழி அந்த ஒரு மனிதருடையது.

இதை முதலாளியின் வக்கீல் அவருக்கு விளக்கிச் சொன்னபோது ஜிஜி அதே அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். குற்றாலலிங்கம், நேரில் போய்ப் பேசி முடிப்போம் என்றார். யோசுவா வர வேண்டும். ஜிஜியும் வர வேண்டும், அன்றைய பேச்சைக் காதால் கேட்டது அவள்தானே. அவளைத் தனியாக அழைத்து, அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். வீட்டில் அம்மா சுகமா என்றும் விசாரித்தார். அதுவரை அவளுடைய அம்மாவைப் பற்றி அவர் விசாரித்ததே இல்லை.

கோட்டைக்குள் அந்த வீட்டின் கூடத்தில் நான்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. காப்பி வரவில்லை. நாகேஸ்வரன் சக்கர நாற்காலியில் முழங்காலுக்குமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர்தான் முதலில் பேசினார். யோசுவாவைப் பார்த்து, ஜாதிக்காய் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது, தோட்டத்தில் ஒருவன் ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தான் என்றார். நான்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், இவரை ஏன் படுத்துகிறாய் என்று மனைவியிடம் சொன்னார்.

“நீங்க பேசாம இருங்கோ” என்றாள் ஜெயலக்ஷ்மி. “அன்னைக்கும் நான் கேட்டதுக்கு நீங்கதான் பதில் சொன்னேள்.”

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் ஜிஜியைக் கேட்டாள். ஜிஜி அன்றைய பேச்சைச் சொன்னாள், தயிர்சாதத்தில் ஆரம்பித்து அந்தச் சிரிப்புவரை. ஜெயலக்ஷ்மி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் அவள் நினைவிலும் அப்படியே இருந்தது. பிறகு யோசுவாவின் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்குச் சிரிச்சேள். இன்னைக்குச் சொல்லுங்கோ. அந்த வழியில நீங்க நடந்திருக்கேளா?”

குற்றாலலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிஜி யோசுவாவின் செருப்பைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். லாண்டிரிக்காரன் என்று தெரிந்தேதான் இவரை அந்த நாற்காலியில் வைத்தீர்களா என்று அடுத்த கேள்வி முதலாளிக்குப் போகும். அதற்கு ஜிஜி சாட்சி. அந்தக் கூடத்தில் யோசுவா தப்பிப்பதற்கு ‘இல்லை’ என்கிற அந்த ஒரு சொல்தான் இருந்தது.

“நடந்திருக்கேன் மாமி” என்றார் யோசுவா.

“எத்தனை தடவை?”

“கொறே தடவை. கணக்கு வைக்கல்ல.”

“அப்போ அந்தப் படி எப்படி இருக்கும்னு தெரியும்.”

“தெரியும்.”

ஜெயலக்ஷ்மி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று ஜிஜி நினைத்தாள். அவள் அழவில்லை. “தெரிஞ்சே அனுப்பிச்சிருக்கேள்” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அது நிற்கவேயில்லை.

குற்றாலலிங்கம் அங்கேயே, நாகேஸ்வரனுக்கு முன்னால், இனி இந்த ஆள் என் ஆபீஸ் படி ஏற மாட்டான் என்று அறிவித்தார். கம்பெனியின் நம்பிக்கையையே கெடுத்துவிட்டான் என்றும் சொன்னார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் ஜிஜிக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். யோசுவா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் ஜெயலக்ஷ்மி வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அலுவலகம் நடக்கிறது. யோசுவாவின் நாற்காலியில் திருவல்லாவிலிருந்து வந்த ஒரு இளைஞன் உட்கார்ந்தான். கழுத்தில் டை கட்டியிருந்தான். கரீபியன் எங்கே இருக்கிறது என்று அவன் போனில் தேடிப் பார்ப்பதை ஜிஜி பார்த்தாள். அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் சேர்ந்தாள். குற்றாலலிங்கம் அவளுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்தார், அவள் கேட்காமலே.

செய்தி பாறசாலைக்கு வர, ரயில் வருகிற நேரமே ஆனது. கிழவன் விழுவான் என்று தெரிந்தே அனுப்பினவன் என்று சபையில் பேசினார்கள். அறுப்பின் பண்டிகையில் சிறுபிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்ல வருஷந்தோறும் அவரைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் கூப்பிடவில்லை. களியக்காவிளையிலிருந்து ஷாலு தனியாக வந்துபோனாள். மாப்பிள்ளை பிரபின் வரவில்லை. கேட்டால் வேலை என்றாள். சரசம்மா சபைக் கோயிலில் பின்வரிசைக்கு மாறினாள். ஜிஜியின் தகப்பனார்கூட, நீ பக்கத்தில் இருந்தாயே, அந்த ஆள் உன்னையும் சேர்த்து மாட்டிவிடவில்லையே என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்று ஜிஜி சொன்னாள்.

யோசுவா சாயங்காலத்தில் ஜங்ஷன் டீக்கடைக்கு வருவார். அவரோடு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். ஆனால் டீயை நீட்டிவிட்டுக் கடைக்காரர் கேட்பார், அந்தக் கிழவர் விழுந்தது எந்த இடத்தில் என்று. யோசுவா சொல்லுவார். பாதை வளைகிற இடம், மரக்கட்டைப் படி, மூங்கில் கைப்பிடி, கீழே சத்தம் மட்டும் கேட்கிற அருவி. முன்பு அவர் சொன்ன வழியில் படியே கிடையாது. இப்போது படிகள் வந்துவிட்டன. கேட்கிறவர்கள் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். போகும்போது, என்ன இருந்தாலும் உலகம் கண்ட ஆளு என்று ஒருவராவது சொல்லாமல் போவதில்லை. துபாயிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மரியாதைகூடக் கிடைத்ததில்லை.

முதலாளி கேட்டதற்காக ஜிஜி அன்று பேசாமல் இருந்தாள் என்று யாராவது நினைத்தால், அது அவளுக்கு ஆறாது. குற்றாலலிங்கம் பிழைத்தது அவளுடைய மௌனத்தால்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த மௌனம் வேறொருவர் கேட்டு வாங்கியது. கோட்டைக்குப் போன அன்று காலை, அதே பாசஞ்சரில், நெய்யாற்றின்கரை தாண்டியதும் யோசுவா சன்னலோரத்து இடத்திலிருந்து எழுந்து அவளை உட்காரச் சொன்னார். அப்படி அவர் செய்தது அந்த ஒரு தடவைதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வெளியே பார்த்துப் பேசினார்.

“விழுந்தவனுக்க துணி எங்க கிட்ட வராதுல்லா” என்றார். “அவன ஆஸ்பத்திரிக்குல்லா கொண்டு போவாவ. கப்பலு போயிரும். நடந்து திரும்பினவனுக்க துணிய மட்டும்தான் நான் பாத்திருக்கேன். இத்தன வருசம் எனக்கு அது தோணல.”

அவள் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் பாதியில் வெட்டியிருப்பார். பாலராமபுரத்தில் கூட்டம் ஏறியது. நெரிசலில் அவர் அவள் பக்கம் குனிய வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடலாம் என்று அவள் அப்போதுதான் மெதுவாக ஆரம்பித்திருந்தாள், நானும் கூட நின்று சொல்கிறேன் மாமா என்று. அவர் தலையை அசைத்தார்.

“லாண்டிரின்னு மட்டும் சொல்லிராத. ஷாலு மாப்பிள வீட்டுல இருந்து வாழணும். என்னைக் கள்ளன்னு சொல்லிக்கோ, தெரிஞ்சே செய்தவன்னு சொல்லிக்கோ, செரி. ஆரு கேட்டாலும், அங்க போய்ட்டு வந்த ஆளுதான்னு சொல்லிரு, மகளே.”